தலையை ஆட்டாதீங்க

தேனாம்பேட்டையில் எங்கள் ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. மெஷினை ஓட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினோரு வருஷ சர்வீஸ். படம் கலங்கி வந்தால் தப்பு படுத்திருப்பவர் மேல்தான், இந்த வர்ஷினி மேல் இல்லை. அன்று காலை பத்து மணி வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

படுத்திருந்தவர் அஃப்சருன்னிசா. அறுபது வயது, பாண்டி பஜாரில் கல்யாணத் துணிக்கடை வைத்திருக்கிறார். பத்து நாளாக வலது கண் மங்கிக்கொண்டே போகிறது. கண்ணுக்குப் பின்னால் இருப்பது வெறும் வீக்கம் என்றால் ஊசி மருந்தே போதும். கட்டி என்றால் கத்திதான். நாள் தள்ளினால் பார்வை திரும்பாது.

இரண்டு முறை எடுத்தாயிற்று. இரண்டிலும் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு நிழல்.

நான் விடுவிடுவென்று உள்ளே போனேன். “இன்னாம்மா நீங்க, தலைய ஆட்டாதீங்கன்னு எத்தினி தபா சொல்றது?”

“நான் எங்கம்மா ஆட்னேன்? செலை மாரி படுத்துக்கினு கீறேன்.” அந்த அம்மாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “கடையில நாள் பூரா நின்னு நாலு பேருக்கு ஒரே நேரத்துல பதில் சொல்றவ நான். எனக்குப் படுத்துக்கத் தெரியாதா?”

வெளியே மகன் யாசிர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். “அக்கா, மயக்க மருந்து குடுத்து எடுக்கப் போறீங்களா? எங்க அம்மிக்கு ஹார்ட் வீக். வேணாங்க்கா.”

அதே நேரம் ரிப்போர்ட் எழுதும் டாக்டர் ரகுபதியின் போன். “வர்ஷினி, இதை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை ட்ரை பண்ணு. இல்லேன்னா மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும், புரியுதா?”

“சரி டாக்டர்” என்றேன். எதிரே இருந்த கண்ணாடித் தடுப்பில் என் முகம் தெரிந்தது. போனில் பேசும்போதே நான் பெரிதாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு அது தெரியவா போகிறது?

எனக்குச் சுரீர் என்றது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நான் மைக்கில் என்ன சொல்கிறேன்? “இப்ப நாலு நிமிஷம் சத்தம் வரும், தலைய ஆட்டாதீங்க, சரியா?” சொல்லி முடிப்பதற்குள் பட்டனைத் தட்டிவிடுவேன். என் அவசரம் அப்படி. மரியாதை தெரிந்த மனுஷி, கேட்டதற்குத் தலையாட்டிச் சரி சொல்லியிருக்கிறார். என் மெஷின் அதை விடாமல் படம் பிடித்திருக்கிறது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. மறுபடி உள்ளே போய், அவசரத்துக்கு அமுக்கினால் வெளியே மணி அடிக்கட்டும் என்று கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தைத் தொட்டுக் காட்டினேன்.

“அம்மா, இனிமே நான் இன்னா கேட்டாலும் தலையால பதில் சொல்லாதீங்க. சரின்னா இத ஒரு தபா அமுக்குங்க. முடியலன்னா அமுக்கிக்கினே இருங்க, ஓடி வந்துடுவேன்.”

அவர் ஒருமுறை அமுக்கினார். தலை அசையவில்லை.

இந்த முறை மைக்கில் சொல்லிவிட்டு, பந்தின் மணி ஒருதரம் அடித்த பிறகுதான் பட்டனைத் தொட்டேன். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நரம்பின் ஓரம் கோடு போட்டதுபோல் இருந்தது. பத்து நிமிஷத்தில் டாக்டர் கூப்பிட்டார். “வெறும் வீக்கம்தான். இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கச் சொல்லு.” யாசிர் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான்.

அஃப்சருன்னிசாவை எழுப்பி உட்காரவைத்து, விஷயத்தைச் சொன்னேன். “தப்பு உங்க மேல இல்லம்மா. நான்தான் கேட்டுக் கேட்டு ஆட்ட வெச்சேன். மன்னிச்சுடுங்க.”

“அடுத்த மாசம் ஒரு தபா வந்து எடுத்துக்கணும், சரியா?” என்றேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. என் கையை எடுத்து, ஒரே ஒரு முறை அமுக்கினார்.