அம்மா பெயரில் சித்தி

"கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் வருதே. அப்புறம் எதுக்குச் சலுகை?"

ஹட்டனில் அந்தத் தனியார் தாதியர் கல்லூரியின் பதிவாளர் பிரதாப், அம்மா பெயரிலிருந்த சம்பளத் துண்டுச்சீட்டை மேசைமேல் விட்டெறிந்தார். தர்ஷிகா நகரவில்லை. கட்டணச் சலுகை இல்லையென்றால் இரண்டாம் வருடப் படிப்பு இல்லை. லிந்துலையில் இருக்கும் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அம்மாவைக் குளவி கொட்டிருச்சு சேர். கிட்னி கெட்டுப்போச்சு. மலைக்கு ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப போன மாசம் கொழுந்து பறிச்சது யாரு, பேயா?"

"எங்க சித்தி."

பிரதாப்பின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

தேயிலைத் தோட்டத்தில் லயம் எனும் வரிசை வீடு, அங்கே வேலை செய்கிறவர் பெயரில்தான். பெயரை வெட்டினால் வீட்டையும் கேட்பார்களோ என்று அம்மா ராசம்மாவுக்குப் பயம். அப்பாவும் உயிரோடு இல்லை. அதனால் அவள் பெயரில் தங்கை நாகலெட்சுமி கூடை தூக்கினாள். அந்தச் சம்பளத்தில் தன் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். கங்காணி தெரிந்தும் தெரியாதவர் போல் இருந்துவிட்டார்.

"என்ன பேசுறேன்னு தெரியுதா பிள்ளை? தோட்டத்துத் துரைக்கு நான் ஒரு போன் போட்டா வீடு போயிரும்."

"போடுங்க சேர்."

"வாய்க்கொழுப்பா?"

"இல்லைங்க சேர். காலையிலேயே துரைக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

துரையிடம் சொல்லப்போகிறேன் என்று காலையில் அவள் சொன்னதும் அம்மா முதலில் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "என் பேர வெட்டச் சொல்றதுன்னா நானே சொல்றேன், வாடி" என்று முன்னால் நடந்தாள். தோட்ட நிர்வாகியான துரை கத்தித் தீர்த்துவிட்டு, சித்தியை அவள் சொந்தப் பெயரில் பதிந்தார். வீடும் இனிச் சித்தி பெயரில். பிறந்து வளர்ந்த வீட்டில் அம்மா இனித் தங்கையை அண்டி இருக்க வேண்டும்.

பிரதாப் நிஜமாகவே போனை எடுத்தார். "ம்... ம்..." என்று கேட்டார். வைத்தார்.

"துரைக்கு இன்னும் கோவம் அடங்கல. ஆனா நீ சொன்னது சரிங்கிறாரு."

எழுந்து கல்லூரி அதிபரின் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. தர்ஷிகா உட்காரவில்லை.

வெளியே வந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சலுகை தர்றோம். இந்த வருஷத்துக்கு மட்டுந்தான். அடுத்த வருஷம் மறுபடி வந்து நிக்கணும்."

"நிப்பேன் சேர்."