நூறாவது படிவம்

பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் வெற்றிச்செல்வி நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு வேலை செய்யும் இடத்தில் என்னென்ன மன உளைச்சல் என்பது தலைப்பு. அவளே திருமழபாடியை விட்டுப் பெரம்பலூருக்கு வந்து அறை எடுத்திருப்பவள்தான். மாடிக்கு யார் வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது.

திங்கட்கிழமைக்குள் நூறு பேரிடம் படிவம் நிரப்பி வாங்கினால்தான் அவளுடைய கைடு அறிவரசன் சார் கால நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுவாராம். இல்லையென்றால் நான்கு வருடமும் போச்சு.

முதலில், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மணிவண்ணன் வீட்டுக்குப் போனோம். துணைக்கு நான்.

"ராத்திரி தூக்கம் வருதாங்க?" என்று கேட்டாள்.

பையன் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா வேம்பு முந்திக்கொண்டாள். "நல்லா வரும். குடி, பீடி ஒண்ணும் கெடயாது. பொண்ணுக்கு எந்த ஊருங்க?"

தெரு முழுக்க இதே கூத்து. கல்யாண வயதுப் பையனைப் பற்றி ஒருத்தி நோட்டோடு வந்து விசாரித்தால் வேறென்ன நினைப்பார்கள்? ஒரு வீட்டில் படிவத்தோடு ஜாதக நகலையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார்கள். முப்பது பேருக்கும் உளைச்சல் பூஜ்யம்.

"உளைச்சலே இல்லன்னா நீ எதம்மா ஆராய்ச்சி பண்ற?" என்று சார் போனில் கத்தியது என் அடுப்படி வரை கேட்டது. முப்பதும் தள்ளுபடி.

"வூட்டுல கேட்டா ஆத்தாக்காரிதான் பதில் சொல்லுவா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல கேளு" என்றேன்.

லீவு முடிந்து திருப்பூருக்குத் திரும்பும் கூட்டம் அங்கே மூட்டையோடு நின்றது. கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தார்கள். ஒருவருக்கு இடம் போதாமல் படிவத்தின் பின்பக்கமும் நிறைந்தது. தொண்ணூற்றொன்பது ஆனபோது கடைசி பஸ்ஸும் நிரம்பிவிட்டது. அப்போது பார்த்து செல்வியின் போன் அடித்தது. சார் குரல் பஸ் வரைக்கும் கேட்டது.

"கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் துளசி வேணுமாம், வூட்டுல கேக்குறாங்க. காலைல வாங்கிட்டு வந்துரு. அப்படியே நம்ம வூட்டு கரண்டு பில்லையும் கட்டிரு."

தன் படிவத்தைக் கொடுத்துவிட்டு பஸ் படியில் நின்ற பனியன் கம்பெனித் தொழிலாளி தமிழழகன் எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமகூட ஒங்க மொதலாளி கூப்புடுவாரா?"

"மொதலாளி இல்லண்ணே, கைடு."

"எங்க சூப்பர்வைசரே தேவலாம் போல. அந்தப் பேனாவக் குடுங்க."

அவர் கேள்வியை வாசிக்க வாசிக்க இவள் பதில் சொன்னாள். 'லீவு நாளிலும் மேலதிகாரி வீட்டு வேலை வாங்குகிறாரா?' என்பது உட்பட எல்லாவற்றிலும் 'எப்போதும்' என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்தார். படிவத்தில் பெயர் கேட்பதில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை துளசிப் பையைப் பிடித்துக்கொண்டு சார் அறை வாசலில் நின்றேன். கதவை நான்தான் சரியாகச் சாத்தவில்லை.

நூறாவது படிவத்தைப் படித்த சார் நெஞ்சில் கை வைத்தார். "லீவு நாள்லயும் வூட்டு வேல வாங்குறானா? அவன்லாம் மனுஷனா? இவங்கள நேர்ல கூட்டியாம்மா, பேட்டி எடுத்துரலாம்."

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார், இப்பவே கூட்டியாரேன்."

போட்டார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான்கு வருடமாக நின்றுகொண்டே பேசியவள், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேளுங்க சார்."

நான் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவைத்தேன்.