தியாமிகேயின் குரல் வந்து சேர்ந்த விதம்

தியாமிகே கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய குரல் கூட வரவில்லை. பெட்டி வந்தது, மெத்தை வந்தது, மங்கோச்சி ஏரிக்கரையிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த உசிப்பாக் கருவாடும் வந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சோம்பா மலையடிவாரத்து அந்தக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இரண்டாமாண்டு அக்கா துணை உண்டு. தியாமிகேக்கு வாய்த்தவள் லுசுங்கு. அழுகிற பிள்ளை, சோறு பிடிக்காத பிள்ளை, வகுப்பறை தெரியாமல் அலைகிற பிள்ளை என எல்லாரையும் தேற்றத் தெரிந்தவள், இவள் வெட்கப்படுகிறாள் என்றே நினைத்தாள். ஒருநாள் குளியலறையில் தேள் கொட்டி தியாமிகே வாய் பிளந்து அலறினாள். குழாயில் தண்ணீர் சொட்டும் ஓசைதான் கேட்டது. இது வெட்கம் இல்லை என்று லுசுங்குவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வகுப்பிலோ, பெயர் கூப்பிட்டால் வாயால் பதில் சொல்லாதவர்கள் வராதவர்கள்தான். இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வேறு வழி தெரியாமல் லுசுங்கு அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு இளம்பெண். "அம்மா மீன் காயவைக்கப் போயிருக்காங்க. நான் தியாமிகே பேசுறேன், நீங்க யாரு?" எதிர்க் கட்டிலில் தியாமிகே வாய் மூடித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லுசுங்குவின் கையிலிருந்து போன் நழுவிக் கீழே விழுந்தது.

சனிக்கிழமை மினிபஸ் பிடித்து ஏரிக்கரைக்குப் போனாள். வாசலில் அம்மா மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்த வெறும் பாயிலிருந்து ஒரு பெண்குரல் ஊர்க்கதை சொல்லிச் சிரித்தது. லுசுங்கு வந்த விஷயத்தைச் சொன்னபோதும் அம்மா நிமிரவே இல்லை.

"உடம்பைத்தான் அனுப்பிட்டேனே. இதையாவது எனக்கு விடக் கூடாதா? நான் மட்டும் தனியா உக்காந்து திங்கணுமா?"

"அம்மா, அவளைத் தேள் கொட்டிருச்சு. கத்தினா. யாருக்குமே கேக்கல."

அகப்பை நின்றது. பாயிலிருந்த சிரிப்பும் நின்றது.

"எப்போ?" என்றது குரல். "எனக்குத் தெரியாதே!"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு வெறும் பாயைப் பார்த்து, "போடி. போய் அவகூட இரு," என்றாள். முகத்தை இடுப்புத்துணியில் புதைத்துக்கொண்டாள்.

திரும்பும் மினிபஸ்ஸில் கோழியோடு ஏறிய பெரியவர் ஒருவர் லுசுங்குவின் பக்கத்துக் காலி இருக்கையில் உட்காரப் போனார். "தாத்தா, மேலயே உக்கார்றீங்களே, கண்ணு தெரியலையா?" என்று இருக்கை சீறியது. பெரியவர் மன்னிப்புக் கேட்டுப் பின்னால் போனார். நடத்துநர் லுசுங்குவிடம் இரண்டு பேருக்குக் காசு வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டபோது தியாமிகே, "இருக்கேன் சார்!" என்றாள். அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசை திடுக்கிட்டது.

அந்த வாரமே, விடியும் முன் விடுதி அறையில், "இன்னுமா தூங்குறீங்க? எந்திரிச்சு மூஞ்சி கழுவுங்கடி!" என்று ஓர் அதட்டல் எழுந்தது. பெண்கள் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அறையில் வேறு யாருமில்லை. தியாமிகே மட்டும், "வந்துட்டியாம்மா?" என்றாள். விடுதிக் காப்பாளர் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினார். விருந்தாளி தங்கக் கூடாதென்ற விதி ஆட்களுக்குத்தான் என்று முடிவுசெய்து போய்விட்டார். அந்த அறைப் பெண்கள் அதன்பின் காலை வகுப்புக்குப் பிந்தவே இல்லை. சந்தையில் மீன் விலை பேச வேண்டியிருப்பதால் பொழுது நன்றாக ஏறும் முன்பே அம்மாவின் குரல் ஏரிக்கரைக்குத் திரும்பிவிடும்.