அலமாரிக்காகச் சிரித்தவள்

ஒரு போலீஸ்காரர் மண்டியிட்டுத் துணி அலமாரி ஒன்றை விசாரித்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று அதட்டினார். அலமாரி கதவைக் கொஞ்சம் திறந்து, பெருமூச்சு விட்டு, மூடிக்கொண்டது. யாரோ ஒருவன் நனைந்த குடையோடு குறுக்கே நடந்து போனான். அதோடு காட்சி முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்பதுதான் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் புரியவில்லை.

புது நிகழ்ச்சி, இப்போதுதான் இரண்டாம் வாரம். நாற்காலியை நிரப்ப ஆள் வேண்டுமே என்று தொலைக்காட்சிக்காரர்கள் ஆக்டன் பகுதி முதியோர் சங்கத்துக்கு இலவசச் சீட்டுகளை அனுப்பியிருந்தார்கள். பாட்டு இருக்கும், வித்தை இருக்கும் என்று நம்பி, இருப்பதில் நல்ல தொப்பியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், இப்போது பல் டாக்டர் வாசலில் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பைப் பிடிப்பதற்காகத் தலைக்கு மேலே மைக்குகள் தொங்கின. பிடிக்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எட்னா சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஹொரேஸ் பில்பீமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற சிரிப்புதான். முதலில் மூச்சை உள்ளே இழுத்து ஒரு கீச்சுச் சத்தம், பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு வெடிப்பு, கடைசியில் களைத்துப்போய் "ஐயோ கடவுளே" என்று ஒரு முனகல். ஆனால் அத்தனை பெரிய கூடத்தில் அது தன்னந்தனியாகக் கேட்டபோது அவருக்குக் காது சிவந்துவிட்டது. முன்வரிசைத் தொப்பிகள் எல்லாம் திரும்பின.

"எட்னா, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"தெரியல ஹொரேஸ். அந்த அலமாரி பாவம். அது என்ன தப்பு பண்ணுச்சு?" கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள்.

அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு மாட்டாள் என்று அவருக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை. ரேடியோவில் பெண்டாட்டியைக் கிண்டல் செய்கிற ஜோக் வந்தால் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து டீக்குக் கெட்டில் வைக்கப் போய்விடுவாள். அது ஒன்றுதான் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். நிகழ்ச்சி முடிந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது அலமாரியைப் பற்றி இன்னொரு தடவை கேட்கலாம் என்று நினைத்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சரி, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த நாளைக்கு வரவே இல்லை. மறுநாள் காலையில் கசாப்புக் கடை வரிசையில் நின்றபடியே எட்னா சரிந்து விழுந்தாள். இதயம் என்றார்கள். அவள் கையில் ஈரல் பொட்டலம் இருந்தது.

இழவு வீட்டுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கேக் தீர்ந்த பிறகு வீட்டில் சத்தம் என்று எதுவும் மிச்சமில்லை. அவளுடைய புகைப்படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஹொரேஸுக்கு மைக்குகள் ஞாபகம் வந்தன. அவளுடைய சிரிப்பு தொலைக்காட்சிக்காரர்களிடம் இருக்கிறது! அதுவரை தொலைக்காட்சியே வாங்காத மனிதர் கடைக்குப் போய் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். ஒளிபரப்பாகும் நாளில் சவரம் செய்து, டை கட்டி, அதன் முன்னால் உட்கார்ந்தார்.

போலீஸ்காரர் மண்டியிட்டார். அலமாரி பெருமூச்சு விட்டது. ஹொரேஸ் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

யார் யாரோ அளவாக, மரியாதையாகச் சிரித்தார்கள். எட்னா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே தொலைக்காட்சி நிலைய வாசலில் போய் நின்றார். காவலாளியிடம் மன்றாடி, மதியம் வரை காத்திருந்த பிறகு, ஒலிப் பிரிவிலிருந்து ட்ரெவர் என்பவர் பாதி சாண்ட்விச்சோடு இறங்கி வந்தார்.

"அந்த ‘ஐயோ கடவுளே’ அம்மாவா? உங்க வீட்டுக்காரங்களா சார்? எங்க பிரிவுல அவங்களைத் தெரியாத ஆளே கிடையாது!"

"நீங்க அதை வெட்டிட்டீங்க."

"வெட்டாம என்ன சார் பண்றது? அடுத்த வசனம் காதுலயே விழல. ஆனா தூக்கிப் போடல. அந்த மாதிரி சிரிப்பு லேசுல கிடைக்குமா? தனி டேப்புல வெச்சிருக்கோம். எந்த நிகழ்ச்சியிலயாவது ஜனங்க உம்முன்னு உக்காந்திருந்தா, அங்க எடுத்துப் போட்டுக்குவோம்."

"எனக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அவ செத்துட்டா."

ட்ரெவர் சாண்ட்விச்சை மறைத்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார். வெளியாளை உள்ள விடமாட்டாங்க. நீங்க டிவியைப் பாத்துக்கிட்டே இருங்க. எங்கயாவது வருவாங்க." நல்ல மனிதர்தான், ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஹொரேஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ட கண்றாவியையெல்லாம் பார்த்தார். கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வாராவாரம் வரும் குடும்பக் கதை ஒன்றில், தொந்தி வைத்த புருஷன் ஒருவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "நம்ம நாய் எதுக்கு வீட்டை விட்டு ஓடுச்சுன்னு இப்பத்தான் புரியுது. நீ சமைச்சதை அதுக்குப் போட்டிருக்கே!"

மூச்சை உள்ளே இழுக்கும் கீச்சுச் சத்தம் கேட்டது.

"பொய்!" ஹொரேஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பொய்டா! இதுக்கு அவ சிரிக்கமாட்டா! எழுந்து போயிருப்பா! அடப் பாவிங்களா, இதுக்கு அவ சிரிக்கவே மாட்டா!"

கத்தி ஓய்ந்தபோது திரையில் காப்பித்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்து போய்விட்டது. தன் கூச்சலில் அதை அவர் கேட்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த வியாழக்கிழமை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தெருச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினார். கெட்டில் கூட வைக்கவில்லை. தொந்திக்காரன் வீட்டுக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி மாட்டி, சமையலறைப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். அடுப்பருகே பெண்டாட்டி கரண்டியோடு நின்றிருந்தாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்து, வாயைத் திறந்து, கொஞ்சம் நிறுத்தினான்.

ஹொரேஸ் காதைத் திரைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார்.

"சொல்லுடா," என்றார் மெல்ல. "சொல்லித் தொலை."