நான்காம் குழியின் இடப்பக்கம்

ஹில்டா மேடம் சைக்கிள் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியதும் எங்கள் சங்கத் தலைவர் அசரியா சார் ரோஜா மாலையோடு முன்னால் போனார். மேடம் மாலையை வாங்கி ரிக்‌ஷாவின் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டு, "நாலாவது ஹோல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஃபிளாஸ்க்கில் காபி வைத்திருந்தோம், பிஸ்கட் வைத்திருந்தோம், இரண்டு பக்கத்துக்கு வரவேற்புரை வைத்திருந்தோம். வரவேற்புரையை எழுதியவன் நான். அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.

நான் தயாளன், கிழக்குத் தாம்பரம் கோல்ஃப் சங்கத்தின் ஒரே குமாஸ்தா. ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஆட்டத்தின் விதிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இது நடந்த 1970இல் அந்தக் கர்வம் உச்சத்தில் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பின்னால் ஏரியை ஒட்டிய மேட்டு நிலத்தில் எங்கள் மைதானம். மொத்தம் ஒன்பது குழிகள். ஊட்டி, குன்னூரில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்கும் என்பார்கள். எங்களிடம் அவ்வளவு தண்ணீர் ஏது? பழைய இன்ஜின் எண்ணெயை மணலில் கலந்து, வட்டமாகப் பரப்பி, அதன் நடுவே குழி வைத்திருந்தோம். பழுப்பாக இருப்பதால் அதற்குப் 'பிரவுன்' என்று பெயர்.

இந்த மைதானத்தைப் போட்டது ரத்தினம். கிண்டிப் பக்கம் பதினைந்து வருஷம் துரைமார்களுக்கு மட்டைப் பை சுமந்துவிட்டு எங்களிடம் மேஸ்திரியாக வந்தவர். அறுபத்து நான்கில், பிளான் போட ஆள் கிடைக்காமல் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது, "நான் போடறேன் சார்" என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தக் குச்சி நின்ற இடமெல்லாம் குழி ஆனது. எட்டுக் குழிகளைப் பற்றி யாருக்கும் குறையில்லை. நான்காவதுதான் எல்லோர் உயிரையும் வாங்கியது. அடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பாதி வழியில் நட்டநடுவே ஒற்றைப் பனைமரம், அதன் பின்னால் ஒரு குட்டை, குட்டைக்கு அப்பால் ஒரு மேடு, மேட்டின் மேல் குழி. நான்கு அடியில், அதாவது நான்கே தடவை அடித்து, முடிக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தோம். ஆறு வருஷத்தில் ஒருவரும் முடித்ததில்லை. கோடையில் குட்டை வற்றினால் எருமைகளுக்கு நடுவே பந்துகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பாதிக்கு மேல் அசரியா சாருடையவை.

அந்த மாதம் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டுவிட்டது. சென்னையிலிருந்து ஹில்டா மேடம் என்ற நிபுணர் வந்து பார்ப்பது, அவரும் 'அமைப்பு சரியில்லை' என்று சொன்னால் பனையை வெட்டுவது, குட்டையைத் தூர்ப்பது, மேட்டை இடித்துத் தரையோடு சமன் செய்வது. மறுநாள் ரத்தினம் என் மேஜை அருகே வந்து நின்றார். "அந்த மேட்டு மண்ணு அத்தினியும் செல்லம்மா தலையில சொமந்தது சார். நாப்பது நாளு. அந்தம்மா வந்து பாக்கறவரிக்கும் மம்முட்டி வெக்காம இருக்கச் சொல்லுங்க சார்" என்றார். செல்லம்மா அவர் மனைவி. ரத்தினம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள், மனுஷர் இந்த ஒரு குழியில் கோட்டை விட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹில்டா மேடம் ஐம்பது வயதைத் தாண்டியவர். கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகிய கைத்தறிப் புடவை, கான்வாஸ் ஷூ. அப்பா குன்னூரில் டீ எஸ்டேட் மேனேஜராக இருந்ததால் பாவாடை கட்டும் வயதிலேயே மட்டை பிடித்தவர். அவர் அடிக்கும் இடத்துக்குப் போகவில்லை. நேரே மேட்டின் மேல் ஏறி, குழியருகே போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே கோணியை இழுத்து மணலைச் சமன் செய்துகொண்டிருந்த செல்லம்மா பதறி விலகினாள்.

"ஒரு ஹோலை ஜட்ஜ் பண்ணணும்னா கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கணும். குழி எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு தெரிஞ்சா, போட்டவங்க மனசு தெரிஞ்சிடும்" என்றார் மேடம்.

பந்து ஒன்றை மணலில் வைத்து விரலால் தட்டினார். அது, ஆடி வருகிறவர்களுக்கு இடப்பக்கமாக உருண்டது. இன்னொன்றை வேறு இடத்தில் வைத்தார். அதுவும் இடப்பக்கமே போனது. மேடம் எழுந்து அந்தப் பக்கம் பார்த்தார். பனையையும் குட்டையையும் தொடாமல் வளைத்துக்கொண்டு, அடிக்கும் இடம் வரைக்கும் நல்ல அகலமான, கெட்டியான தரை ஓடியது. மேட்டின் அந்தப் பக்கம் மட்டும் சரிவு மெதுவாக, பந்து தானாக ஏறி வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்தத் தரைக்கும் மைதானத்துக்கும் நடுவே நெடுக ஒரு சுண்ணாம்புக் கோடு.

"அது எல்லைக்கு வெளியே மேடம், மாட்டுவண்டிப் பாதை" என்று முந்திக்கொண்டு சொன்னேன். கையோடு விதி அட்டையையும் நீட்டினேன். "இதோ, ஏழாவது விதி. கோட்டைத் தாண்டினா ஒரு அடி அபராதம்."

"வண்டி எந்த நேரத்துல போகும்?"

யோசித்தேன். அறுபத்து நான்கில் மேட்டுக்கு மண் கொண்டுவந்த வண்டி போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு வண்டியும் நினைவுக்கு வரவில்லை.

"கோடு யார் போட்டது?" என்றார் மேடம்.

அட்டையின் அடியில் என் கையெழுத்து கொட்டை எழுத்தில் இருந்தது. சுண்ணாம்பைக் கரைத்தது நான், கயிறு பிடித்தது நான், வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறேனோ இல்லையோ, அந்தக் கோட்டை மட்டும் புதுப்பித்து வந்ததும் நானேதான். "நான்தான் மேடம்" என்றேன்.

மேடம் ரத்தினத்தைக் கூப்பிட்டார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இது வண்டிப் பாதையா?"

"இல்லம்மா. இதான் வழி. வண்டி வந்தது மெய்தான். மண்ணு கொட்டி முடிச்சப்புறம் நானும் இவளும் உருளை போட்டு கெட்டி பண்ணோம். தெம்பு கீறவங்க பனைக்கு மேல அடிக்கட்டும், இல்லாதவங்க இப்டிக்கா சுத்திகினு வரட்டும்னு."

"அப்புறம் கோடு போட்டப்போ ஏன் சொல்லலை?"

ரத்தினம் என்னைப் பார்த்தார், அசரியா சாரைப் பார்த்தார். "கேக்கலியேம்மா. ஆடறவங்களுக்கு இன்னும் கஷ்டமா வேணும்போலக் கீதுன்னு நெனச்சேன்."

"நான் அன்னிக்கே கேட்டேம்மா" என்றாள் செல்லம்மா. "இன்னாயா இது, வழியாண்ட கோடு போட்டுகினு போறாரேன்னு. பெரிய மனுசங்க ஆட்டம், உனுக்கு இன்னா தெரியும்னு என் வாய அடச்சிட்டாரு."

ஹில்டா மேடம் முதலில் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, மேட்டின் மேல் அப்படியே உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சிரிப்பு. அசரியா சார் குட்டையைப் பார்த்தபடி நின்றார். உள்ளே கிடக்கும் ஒவ்வொரு பந்தாக நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "ஆறு வருஷம், தயாளன்" என்றார். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அப்புறம் அவருடைய தொப்பை லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கர்வத்தில் முக்கால்வாசி அங்கேயே ஒழிந்தது, சந்தோஷமாகத்தான் ஒழிந்தது.

"கண்ணால பாத்தது போதாது" என்று மேடம் எழுந்தார். "நேர் வழி, சுத்து வழி ரெண்டையும் ஆடிப் பாக்கணும். சுத்து வழில நாலு அடியில முடியலைன்னா இது கெட்ட ஹோல்தான். அப்படியே எழுதிடுவேன்." ரத்தினத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அடிக்கும் இடத்துக்குப் போனோம். முதலில் அசரியா சார். "இத்தனை நாள் நேராவே அடிச்சுட்டேன், இன்னிக்கும் அப்படியே" என்று ஓங்கி அடித்தார். பனையில் டொக்கென்று ஒரு சத்தம், குட்டையில் இன்னொரு சத்தம். அடுத்து மேடம் இடப்பக்கமாகத் திரும்பி நின்று அளவாக அடித்தார். கெட்டித் தரையில் பந்து ஓடிற்று. இரண்டாவது அடி மேட்டின் அடிவாரத்தில் நின்றது. மூன்றாவது மேலே ஏறியது. நான்காவது குழிக்குள். அந்தக் குழியில் நான்கு என்ற எண்ணை முதல் தடவையாக எழுதினேன்.

ஆனால் மேடம் தன் நோட்டில் எதுவும் எழுதவில்லை. "நான் சின்ன வயசிலேர்ந்து ஆடறவ. என்னை வெச்சு முடிவு பண்ணக் கூடாது" என்று மட்டையை ரத்தினத்திடம் நீட்டினார். "போட்டவர் ஒரு தடவை ஆடிக் காட்டட்டும்."

பணியாளர்கள் ஆடக் கூடாது என்பது மூன்றாவது விதி. அதுவும் என் கையெழுத்துதான். அசரியா சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அட்டையை வரவேற்புரையோடு சேர்த்துப் பைக்குள் தள்ளினேன்.

ரத்தினம் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மண்ணு கொட்டறப்போ ஒரே ஒரு தபா அடிச்சுப் பாத்தேம்மா. அதோட சரி" என்றார். மறுபடி அடிக்கும் இடத்துக்குப் போய், வெறுங்காலோடு நின்று, பெரிதாக ஓங்காமல், புல் செதுக்குகிற மாதிரி வீசினார். பந்து தாழ்வாகப் போய்த் தரையைத் தொட்டு ஓடிக்கொண்டே இருந்தது. தரை எங்கே குனியும், பந்து எங்கே திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மேடத்தின் பந்தைவிட நாற்பது கஜம் தள்ளிப்போய் நின்றது. நாங்கள் அவர் பின்னால் நடந்தோம். இரண்டாவது அடி சரிவில் தவழ்ந்து ஏறி, மணல் வட்டத்துக்குள் நுழைந்து, குழிக்கு ஐந்தடி தூரத்தில் நின்றது. செல்லம்மா கோணியைக் கீழே போட்டுவிட்டாள். இது போனால் மூன்று.

ரத்தினம் பந்தின் முன்னால் நின்றார், ஆனால் அடிக்கவில்லை. குழியில் கொடிக்கம்பு நட்டபடியே இருந்தது. அடிப்பதற்கு முன் அதைப் பிடுங்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். எங்கள் மைதானத்தில் அது எப்போதும் ரத்தினத்தின் வேலை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அசரியா சார் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்க் கம்பைப் பிடுங்கி, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

ரத்தினம் குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் நவுந்துக்கோங்க. நெகலு வுழுது."

அசரியா சார் கீழே பார்த்தார். காலை வெயிலில் தொப்பியும் கொடியுமாக அவருடைய நிழல் பந்துக்கும் குழிக்கும் நடுவே நீளமாகக் கிடந்தது. அவசரமாக இரண்டு எட்டு பின்னால் வைத்தார்.

"இப்போ சரியா, ரத்தினம்?"

ரத்தினம் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு எட்டு சார்."

தலைவர் கொடியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு எட்டு நகர்ந்தார். நிழலின் கடைசி நுனியும் மணலை விட்டு விலகியது.