நாற்பத்திரண்டு சைஸ்காரர்கள்

அந்த ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் நாற்பத்திரண்டு சைஸ் சட்டை போட்ட பதினேழு ஆண்களும் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஒரு சைஸ் சுருங்கினார்கள். முதல் வாரம் சட்டை தொளதொளத்தபோது தையல்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள். இரண்டாம் வாரம் செருப்பும் கழன்றது. கேன்டீன்காரர் சோற்றில் கை வைக்கிறார் என்று கத்தினார்கள். மூன்றாம் வாரம், அவரும் நாற்பத்திரண்டுதான் என்பதால், கேன்டீன்காரரே ஸ்டூல்மேல் ஏறி நின்று பரிமாறினார். சந்தேகம் வாட்ச்மேன் பக்கம் போனது.

கம்ப்யூட்டரில் பல நாட்டுச் சைஸ்களை ஒன்றுக்கொன்று மாற்றும் அட்டவணை கட்டியவளை எல்லாரும் அட்டவணைக்காரி என்பார்கள். அவளுடைய அப்பா அங்கேதான் மூட்டை தூக்கி முதுகு போனவர். அண்ணன் இப்போது தூக்குகிறான். அவனும் நாற்பத்திரண்டு. மாசக் கடைசியில் எண்பது கிலோ மூட்டையைத் தூக்காதவன் வீட்டுக்குப் போகலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"நீ அந்தப் பெட்டியில கை வச்சதுலேர்ந்துதான் என் இடுப்புல எதுவும் நிக்கல" என்றான் அண்ணன்.

"உளறாதண்ணே, ஒழுங்கா சாப்பிடு" என்றாள். சொல்லிவிட்டு நேரே போய்த் தன் அட்டவணையைத் திறந்தாள்.

சைஸ் எண்ணை ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்கு மாற்றி, அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, கடைசியில் வந்ததைத் திங்கட்கிழமைதோறும் பழைய இடத்திலேயே எழுதும்படி செய்திருந்தாள். கட்டம் முழு எண்ணைத்தான் வாங்கும். அரை வந்தால் உதறிவிடும். மற்ற சைஸ்கள் போனபடியே திரும்பின. நாற்பத்திரண்டில் தொடங்கிய வரிசை மட்டும் ஒவ்வொரு திங்களும் ஒன்று இளைத்து வந்தது. மனுஷ உடம்பு எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத ஒரு கட்டம்கூட அவள் வைக்கவில்லை.

நாற்பத்திரண்டின் வரிசையில் அந்தக் கட்டத்தைச் சேர்த்தாள். எதை எழுதுவது? அண்ணனை இப்போது அளந்தால் நெஞ்சு எண்பத்தெட்டு. எழுதினால் ஆயுசுக்கும் அதுதான். அவனுடைய பழைய காக்கிச் சட்டையை அயர்ன் மேஜையில் விரித்து டேப் வைத்தாள். நூற்றுப்பன்னிரண்டு. துவைத்ததில் சுருங்கியிருக்குமோ என்று அண்ணியைக் கேட்டாள்.

"உங்கண்ணன் அதத் துவைக்க விட்டாத்தானே சுருங்க!"

அண்ணியையும் நம்பவில்லை. நாலு கூட்டி நூற்றுப்பதினாறு என்று எழுதினாள். சட்டையை எப்போதுமே உடம்பைவிட லூசாகத்தான் தைப்பார்கள் என்று கட்டிங் மாஸ்டர் சொன்னது மறுநாள்தான்.

முப்பதாம் தேதி அண்ணன் மூட்டையைத் தோளில் போட்டபோது சட்டைப் பட்டன் ஐந்தும் தெறித்தன. மூட்டைக்குள் பஞ்சா என்று மேஸ்திரி இரண்டு தடவை சுற்றிவந்து குத்திப் பார்த்தார். பிறகு அவன் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து வாட்ச்மேன் அந்தப் பதினேழு பேர் வரும்போது கேட்டின் இரண்டு கதவையும் திறக்கிறார். வீட்டு வாசலில் அவர்கள் பக்கவாட்டில் நுழைகிறார்கள். நாலு வருஷமாக யாரும் குறை சொல்லவில்லை. அட்டவணைக்காரியும் அந்தக் கட்டத்தைத் தொடுவதில்லை. அவளுக்கு இப்போது டேப் மேல்தான் சந்தேகம். வாரம் ஒருமுறை இன்னொரு டேப்பை வைத்து அதை அளந்து பார்க்கிறாள்.