நாலாயிரம் அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

கமலக்கண்ணனின் விமானம் எவ்வளவு சிறியது என்றால், லாஸ்பேட்டை விமானதளத்துக் காக்கைகள் அதைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடும். பயத்தில் அல்ல, பாவம் பார்த்து. இரண்டு பேர் தோள் உரச உட்காரலாம். அதில் ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு மூலக்குளத்துக்குத் திரும்பிய மனிதர், வீட்டுக்கு மாடி எடுக்காமல் இதை வாங்கினார். அதோடு நின்றாரா? ஞாயிறுதோறும் அதை வானத்தில் கரணம் போட வைத்தார்.

அந்த நேரமெல்லாம் அவர் மனைவி ஹேமலதா வாசலில் அண்ணாந்தபடி நிற்பாள். உள்ளே சோறு ஆறிப்போகும். ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

"இன்னாங்க, ஒருவாட்டி நானும் வரேன். என்னை வச்சிக்கினே தலைகீழா திருப்புங்க. என் வயிறு ஒத்துக்கிச்சின்னா பிளேனு இருக்கட்டும். இல்லன்னா யாருக்காச்சும் குடுத்துடுங்க. ஞாயித்துக்கெழமை ஆனா எனக்கு சோறு எறங்கல."

அவர் ஒப்புக்கொண்டார். வேறு என்ன செய்வது? அவள் இளைத்துக்கொண்டே போவது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை, விமானத்தைப் பழுது பார்க்கும் ஷஹாபுதீன் பாய் இருவர் முதுகிலும் பாராசூட்டை மாட்டிவிட்டார். கமலக்கண்ணன், கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை எழுதிய காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். கரணம் போடும் விமானத்துக்குள் கட்டாத பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஹேமலதாவின் பையிலிருந்து சாவிக்கொத்து, சீப்பு, தைலம், திருநீற்று டப்பா, அரை கிலோ வெண்டைக்காய் எல்லாம் வெளியே வந்தன.

"அண்ணே, பெரிய மார்க்கெட்டே வந்துடுச்சி," என்றார் பாய்.

"வேற சாமான் எதுனா இருக்குதா, ஹேமா?"

"சாமான் ஒண்ணும் இல்லீங்க."

கிளம்பினார்கள். அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டி, கடலுக்கு மேலே, ஆளில்லாத இடமாகப் பார்த்து நாலாயிரம் அடி ஏறினார்கள். கமலக்கண்ணன் இருவருடைய வார்களையும் இன்னும் ஒரு பிடி இறுக்கினார். பிறகு விமானத்தை இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு வளைத்தார்.

"எதுக்கு இப்பிடி சுத்தறீங்க? வழி மறந்துபோச்சா?"

"கீழ மேல வேற பிளேனு வருதான்னு பாக்கறேன்."

"வில்லியனூர் ரோட்டுல ஒருநாளாச்சும் இப்பிடி பாத்து ஓட்டியிருக்கீங்களா?"

அவர் விமானத்தின் மூக்கைச் சற்றுத் தூக்கி, கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தார். புதுச்சேரி மெல்லப் புரண்டது. கடல் தலைக்கு மேலே வந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஹேமலதா வாரில் தொங்கினாள். அவள் இடுப்பிலிருந்து மஞ்சளாக ஒன்று நழுவி, கண்ணாடிக் கூரையில் உருண்டது. விமானம் நிமிர்ந்ததும் அது அவர் காலடியில் விழுந்து காணாமல் போனது. விமானத்தைத் திருப்பும் வலது கால் மிதி பாதியில் சிக்கி நின்றுவிட்டது.

"ஹேமா, இன்னா அது?"

"எலுமிச்சம்பழம்."

"சாமான் இல்லன்னு சொன்னியே!"

"அது சாமானா? சாமிங்க! அம்மன் கோயில்ல மந்திரிச்சி குடுத்தது. உங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் சொருகிக்கினு வந்தேன்."

திட்ட வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். சாமான் என்று கேட்டது அவர்தான். அவள் பொய் சொல்லவும் இல்லை. விமானத்தை நேராகப் பறக்கவிட்டு, வாரைத் தளர்த்திக் கையை நீட்டிப் பார்த்தார். பழம் மிதிக்குப் பின்னால் இருந்த சந்தில் கிடந்தது, கைக்கு ஒரு சாண் எட்டவில்லை. அன்றைக்கு அடித்த கடல்காற்றில் விமானத்தை இறக்க இரண்டு மிதியும் வேலை செய்ய வேண்டும். ஆனால் அவசரமில்லை, உயரத்தில் கரணம் போடச் சொல்வதே இதற்காகத்தான். மறுபடியும் நாலாயிரம் அடிக்கு ஏறினார். வார்களை இறுக்கினார். இரண்டு பக்கமும் வளைந்து பார்த்தார்.

"அது எப்பிடி உள்ள போச்சோ அப்பிடித்தான் வெளிய வரும். திரும்பக் கவுக்கப்போறேன். கூரைல வுழுந்ததும் புடிச்சிடுவியா?"

அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்க கவுத்துங்க," என்றாள்.

கடல் மறுபடி மேலே வந்தது. இந்த முறை அவர் விமானத்தைத் தலைகீழாகவே பிடித்து வைத்தார். ஒரு நொடி, இரண்டு நொடி. பழம் சந்திலிருந்து எட்டிப் பார்த்தது. கீழே, அதாவது மேலே, வரலாமா என்று யோசித்தது. பிறகு விழுந்தது. ஹேமலதா கண்ணை மூடவில்லை. கையை நீட்டி ஒரே முறையில் பிடித்துவிட்டாள்.

"புடிச்சிட்டேன்! நேராக்குங்க, காதுல ரத்தம் வந்துடும் போல கீது!"

தரையில் இறங்கியதும் கமலக்கண்ணன் வாரைக்கூட அவிழ்க்காமல் அவள் பக்கம் திரும்பினார். "பிளேன குடுத்துடலாம் ஹேமா. தப்பு என்னுது. நான் சரியா கேக்கல."

"பேச்சு என்னா? என் வயிறு ஒத்துக்கிச்சா இல்லியாங்கறதுதானே. ஒத்துக்கிச்சி." அவர் மடியிலிருந்த காகிதத்தை வாங்கினாள். சாமான் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, சாமி என்று எழுதினாள். "இனிமே நான் கேக்கறேன். நீங்க பாக்கெட்ட காட்டுங்க."

பாய் அந்தப் பழத்தை அறுத்து மூவருக்கும் சாறு பிழிந்தார். சாறு கீழே இறங்காமல் மேலே தெறித்து அவர் புருவத்தை நனைத்தது. தலைகீழாய் இருந்து பழகிய பழம், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து ஹேமலதா வெண்டைக்காய்க் குழம்பு வைத்தாள். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள். கமலக்கண்ணன் எதிரே உட்கார்ந்து, தன் இலையைத் தொடாமல், அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.